தறிக்குழியிலிருந்து எழுந்திருக்க

குழித்தறியில் இறங்குவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ஒரு கையைத் தரையில் ஊன்றி, முழங்காலை மடக்கி, குழியின் விளிம்பில் போட்ட பலகையில் உட்கார்ந்து, அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே விட வேண்டும். இருபது வயதில் யாரும் இதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. ஐம்பத்தைந்தைத் தாண்டிய நெசவாளிக்கு நாளின் மிகக் கடினமான வேலை அதுதான். உட்கார்ந்துவிட்டால் கை தானாக ஓடும். மத்தியானம் சாப்பிட எழுந்திருக்கும்போதுதான் நெய்த துணி சுருளும் படமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் வெம்பாக்கம் வட்டம் காஞ்சிபுரத்துக்கும் செய்யாற்றுக்கும் நடுவில் இருக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் பேர் வாங்கித் தந்த நெசவு இந்தச் சுற்றுவட்டாரத்துக்கும் சொந்தம். கடையில் விரித்துக் காட்டப்படும் சேலையில் தெரியாத கணக்கு ஒன்று நெசவாளியின் உடம்பில் ஏறுகிறது. பூவேலைக்கான ஜக்கார்டைத் தூக்கும் மிதியை நாள் முழுக்க ஒரே கால் அழுத்துகிறது. ஊடிழையை நெருக்கப் பன்னையை இழுத்து அடிக்கும் ஒவ்வொரு முறையும் முதுகு முன்னால் வளைகிறது. கண் இழையிலேயே இருப்பதால் கழுத்து நிமிர்வதே இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ராட்டையில் ஊடிழைத் தார் சுற்றும் மனைவிக்கு முழங்காலும் தோள்பட்டையும் போகின்றன. கேட்டால் வரும் பதில்கள் இரண்டு மூன்றுதான்: "இடுப்பு புடிச்சிக்கிச்சு", "கால் மரத்துப் போவுது", "மூட்டுல சவ்வு தேஞ்சிடுச்சாம்".

உலக அளவிலும் இதுதான் முதலிடத்தில் நிற்கும் தொல்லை. எலும்பு, மூட்டு, தசைக் கோளாறுகளோடு வாழ்பவர்கள் சுமார் 171 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனிதரை முடக்கிப்போடும் காரணங்களில் முன்னால் நிற்பது இடுப்புவலி. இவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. தேவைப்படுவது சரியான உடற்பயிற்சி, அதைச் சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க ஓர் ஆள், சில மாதப் பொறுமை.

அந்த ஆள்தான் கிடைப்பதில்லை. மருத்துவர் பத்து நாள் பிசியோதெரபி எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்யாறு அரசு மருத்துவமனைக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். போக, வர, காத்திருக்க என்று அரை நாள் போய்விடும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்குத் தறி நின்றால் வருமானமும் நிற்கும். மூன்றாம் நாள் வலி கொஞ்சம் குறைந்ததும் நான்காம் நாள் போகமாட்டார். இதை நோயாளியின் அலட்சியம் என்று மருத்துவச் சீட்டில் குறிப்பது சுலபம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் செய்தது நியாயம்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பாதி விடை 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கு வரும் சேவையாகச் சேர்க்கப்பட்டது. வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு நோய்த் தணிப்புச் செவிலியர், கிராமங்களில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் என்பது ஏற்பாடு. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தவர்களைத் தேடி ஒரு பிசியோதெரபிஸ்ட் தெருவுக்குள் வந்ததைப் பல கிராமங்கள் முதல்முறையாகப் பார்த்தன.

ஆனால் வட்டாரத்துக்கு ஒருவர். ஒரு நாளைக்கு எட்டு வீடு பார்த்தாலும், அதே வீட்டுக்கு அவர் மறுபடி வர வாரக்கணக்கில் ஆகும். முழங்கால் பயிற்சியை அப்படி வாரக்கணக்கில் இடைவெளி விட்டுச் செய்தால் பயனில்லை. இரண்டு வருகைகளுக்கு நடுவில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே பலன் இருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்ப அமெரிக்கர்கள் 1967-இல் ஒரு புதிய வேலையை உண்டாக்கினார்கள். அங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு 1965-இல் சட்டமான பிறகு நோயாளிகள் குவிந்தார்கள், தெரபிஸ்ட்டுகள் போதவில்லை. பிசியோதெரபி உதவியாளர் என்ற பணி அப்படிப் பிறந்தது. முதல் அணி 1969-இல் படிப்பை முடித்து வெளியே வந்தது. இரண்டு ஆண்டுப் படிப்பு, உரிமத் தேர்வு, கறாரான எல்லைக்கோடு ஆகியவை அதன் அடையாளம். நோயாளியை முதலில் சோதித்து இது இன்ன கோளாறு என்று தீர்மானிப்பதும், சிகிச்சைத் திட்டம் வகுப்பதும், அதை மாற்றுவதும் தெரபிஸ்ட்டின் வேலை. திட்டத்தை நாளுக்கு நாள் நடத்திக் காட்டுவதும், அளந்து குறிப்பதும், ஏதாவது சரியில்லை என்றால் நிறுத்திவிட்டுச் சொல்வதும் உதவியாளரின் வேலை.

இதைக் கற்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. வெம்பாக்கத்துக்கு மேற்கே, வேலூரில் இதே யோசனை அதற்கும் முன்பே செயலில் இருந்தது.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த எலும்பு முறிவு அறுவை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளை 1948 முதல் அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். வேலை செய்யாத தசைக்குப் பதிலாக, நல்ல நிலையில் இருக்கும் வேறொரு தசையின் நாணை எடுத்து மாற்றிப் பொருத்துவது அவருடைய முறை. கத்தி முடித்த இடத்தில்தான் பெரிய சிக்கல் ஆரம்பித்தது. மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த நாண் இப்போது கட்டைவிரலில் இருக்கிறது. கட்டைவிரலை அசைக்க வேண்டுமென்றால் மோதிர விரலை மடக்குவதாக நோயாளி நினைக்க வேண்டும்! மூளைக்கு இதைப் பழக்கும் வேலை அறுவைக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். மூன்று வாரம் மாவுக்கட்டு, பிரித்த அன்றிலிருந்து தினமும் பயிற்சி, முதல் சில நாள் ஒரு நூல் அளவுதான் அசைவு. அவசரப்பட்டு இழுத்தால் தையல் விட்டுப்போகும். பயந்து சும்மா இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ரூத் தாமஸ் பிராண்டோடு சேர்ந்து இந்தப் பயிற்சி முறையை உருவாக்கினார். ஒருவர் இருவரால் தாங்கக்கூடிய வேலையா அது? 1955-இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொடங்கப்பட்ட ஷீஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம், தொழுநோய்ப் பிசியோதெரபி டெக்னீஷியன் என்றே ஒரு பணியாளரைப் பயிற்றுவித்தது. பட்டப்படிப்பு இல்லாத இளைஞர்கள் தசையின் பலத்தைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பிடவும், விரல் மூட்டின் கோணத்தை அளக்கவும், மெழுகு ஒத்தடம் கொடுக்கவும், கைத்தாங்கி செய்யவும் கற்றார்கள். இங்கே பயிற்சி பெற்றவர்கள் பல மாநிலங்களின் தொழுநோய்ப் பிரிவுகளுக்குப் போனார்கள். 2005 இறுதியில் தொழுநோய் நாட்டளவில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே வந்தது. தொழுநோய்ப் பணி பொது சுகாதாரத்தோடு கலந்த பின் இந்த டெக்னீஷியனைப் பற்றிய பேச்சும் குறைந்துவிட்டது. மூட்டுவலிக்காரர்கள் பெருகிய அதே காலத்தில், அவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரு பயிற்சி மரபு பின்னுக்குப் போனது வருத்தத்துக்குரியது.

கரிகிரியில் கற்ற பாடங்களில் ஒன்று இன்றைய வெம்பாக்கத்துக்கு அப்படியே பொருந்தும். தொழுநோயாளியின் கைக்குச் சூடு தெரியாது. ஒத்தடத்தின் சூட்டை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கொடுப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயாளியின் பாதமும் அப்படித்தான். "கால் மரத்துப் போவுது" என்பவருக்கு வீட்டில் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் வைப்பார்கள். அவருக்குச் சுகமாக இருக்கும். மறுநாள் பாதத்தில் கொப்புளம். பயிற்சி பெற்ற ஒருவர் செய்யும் முதல் காரியம், கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் பாதத்தைத் தொட்டு, "எங்க தொடறேன், சொல்லுங்க பெரியப்பா" என்று கேட்பது. பதில் வராத காலுக்குச் சூடு கிடையாது.

எலும்பு, மூட்டுச் சிகிச்சைக்கு ஓர் உதவியாளரைத் தயார் செய்வது என்றால் என்னென்ன பயிற்சிகள் என்று ஒரு பட்டியல் கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பயிற்சிகளைக் கற்பிக்க இரண்டு நாள் போதும். மடித்த துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுவது. காலை நீட்டியபடி ஓரடி உயரம் தூக்குவது. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது. இதெல்லாம் பார்த்ததும் வந்துவிடும். கற்பிக்க நாளாவது வேறு: எதை அளப்பது, எதைத் தொடக்கூடாது, எப்போது நிறுத்துவது.

அளப்பதை முதலில் பார்ப்போம். கோனியோமீட்டர் என்பது இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளை ஒரு பாகைமானியில் பொருத்திய எளிய கருவி. முழங்கால் நேராக இருந்தால் பூஜ்யம், நன்றாக மடங்கினால் 135 பாகை அளவில் வரும். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு 90 பாகை மடங்கினால் நாற்காலியில் உட்காரலாம். குழித்தறியின் விளிம்பில் உட்கார்ந்து கால் தொங்கவிடுவதற்கும் 90 போதும். ஆனால் அந்த விளிம்புக்குத் தரை வழியாக இறங்க வேண்டுமே? அதற்கு 90 போதாது. நகரத்து மருத்துவமனையில் வெற்றி என்று எழுதப்பட்ட முழங்கால் நெசவாளியின் வீட்டில் தோல்வியாகிவிடுவது இப்படித்தான். "மாமா, தறியில எப்படி எறங்குவீங்க, காட்டுங்க" என்று கேட்கத் தெரிந்த உதவியாளர் இதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார். பலகையை இரண்டு செங்கல் உயர்த்துவதோ, பிடித்து எழ ஒரு கட்டையைத் தரையில் நடுவதோ, உயரமான சட்டத்தறிக்கு மாறுவதோ அதற்கப்புறம் பேச வேண்டிய விஷயம். மிதியின் பாரத்தைக் குறைக்க மோட்டாரில் இயங்கும் ஜக்கார்டு வந்திருக்கிறது. கைத்தறித் துறை மானியமும் தருகிறது. முழங்கால்வலிக்காரரிடம் இதைச் சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

அறுவைக்குப் பிந்திய நாட்களில் வீட்டாரின் பாசமே வினையாகும் இடம் ஒன்று உண்டு. முழங்காலுக்கு அடியில் தலையணை. வலிக்கிறதே என்று அன்போடு வைப்பார்கள். நோயாளிக்கும் இதமாக இருக்கும். ஆறு வாரம் அப்படியே கிடந்தால் முழங்கால் நேராக நீளாமல் போய், ஆயுளுக்கும் விந்தி நடக்க வேண்டியதுதான். தலையணையை உருவிக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். மருமகளுக்கு அதன் காரணத்தைச் சொல்லிப் புரியவைப்பது உதவியாளரின் திறமை. அதட்டினால் அவர் திரும்பியதும் தலையணை பழைய இடத்துக்குப் போய்விடும்.

கைத்தடி இன்னொரு உதாரணம். வலிக்கிற காலின் பக்கத்திலேயே தடியைப் பிடிப்பது எல்லாருக்கும் இயல்பாக வருகிறது. பிடிக்க வேண்டியது எதிர்ப்பக்கக் கையில். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரைக்கும் தடியின் உயரம் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். இடுப்பு மூட்டு மாற்றியவர், பின்பக்கமாக அறுவை நடந்திருந்தால், சில மாதங்களுக்குக் குந்தவோ கால் மேல் கால் போடவோ கூடாது, மூட்டு நழுவிவிடும். இந்தியக் கழிப்பறை மட்டும் இருக்கும் வீட்டில் இதற்கு என்ன ஏற்பாடு என்பதை அவர் மருத்துவமனையிலிருந்து வருவதற்கு முன்பே யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

தொடக்கூடாததில் முதலிடம் கெண்டைக்காலுக்கு. எலும்பு முறிந்தோ அறுவை முடிந்தோ படுத்திருப்பவரின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவிவிட்டால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். நம் ஊரில் வீங்கிய காலைக் கண்டால் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுகிறது. எனவே இந்த ஒரு பாடத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இடுப்புவலிக்காரர்களிலும் ஒரு சிலர் உண்டு, அவர்களுக்குப் பயிற்சி சொல்லித்தருவதே தவறு. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி படுத்தால் கூடும் வலி என்றால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். சிறுநீர் கழிப்பது பிடிபடாமல் போய், தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தால் நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று பொருள். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு கேள்விகள் கேட்டு, ஒன்றுக்கு ஆமாம் என்று வந்தாலும் போனை எடுக்கத் தெரிந்தால் போதும்.

புத்தூர் கட்டு பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்து எலும்பு வைத்தியத்தைப் பேச முடியாது. ஆந்திரத்தின் புத்தூர், திருத்தணி தாண்டினால் வந்துவிடும். எலும்பு முறிந்தால் அங்கே போவதும், அதே பெயரைப் பலகையில் எழுதிய உள்ளூர் வைத்தியரிடம் போவதும் வட மாவட்டங்களில் தலைமுறைப் பழக்கம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டுபவர்களை வையும் பயிற்சி வகுப்பு எடுபடாது. போனவர் கட்டோடு திரும்பி வந்த பிறகு என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கற்பிப்பது மேல். விரல் நுனி நீலம் பாரிக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா, விரலை நீட்டிவிட்டால் தாங்க முடியாமல் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கட்டை உடனே பிரித்தாக வேண்டும். சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும். மாவுக்கட்டுக்கும் இதே விதிதான். வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பாட்டிக்கு வீக்கம் ஏறும் முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்ற வேண்டும். கட்டுப் போட்ட அன்றிலிருந்தே விரல்களை மடக்கி நீட்டச் சொல்ல வேண்டும். கையை அசைக்காமல் ஆறு வாரம் சேலைத் தலைப்பில் தொங்கவிட்டவருக்கு எலும்பு கூடிவிடும், கை விறைத்துப்போயிருக்கும்.

எதிர்ப்புறத்தில் 'கரண்ட் வைப்பது' இருக்கிறது. பிசியோதெரபி என்றால் மின்கருவி என்றே பலரும் நினைக்கிறார்கள். கருவி வைக்காத பிசியோதெரபிஸ்ட் பணத்துக்கு வேலை செய்யவில்லை என்ற எண்ணமும் உண்டு. மூட்டுத் தேய்மானத்துக்கு மின்சிகிச்சை கொடுக்க வேண்டாம், பயன் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதே வழிகாட்டுதல் எல்லா நோயாளிகளுக்கும் பரிந்துரைப்பது உடற்பயிற்சியை. தன்னார்வலரின் பையில் கருவி இல்லாதது குறையே அல்ல.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், துணை நிலைப் பணியாளர் என்றாலே குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது; பிசியோதெரபிஸ்ட் போன்ற முழு நிலைத் தொழிலருக்கு 3600 மணி நேரம். அமெரிக்காவைப் போல் உரிமத் தேர்வு எழுதி வரும் பிசியோதெரபி உதவியாளர் இங்கே இல்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலரைச் சில நாள் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு உதவியாளர் என்று பட்டம் சூட்டுவது அவருக்கும் நல்லதல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல. நாளைக்கே தெருமுனையில் பலகை மாட்டத் தூண்டும். செய்யக்கூடியது இதுதான்: பிசியோதெரபிஸ்ட் வகுத்த திட்டத்தில் ஐந்தாறு வேலைகளை மட்டும் ஒப்படைப்பது, அவற்றைச் செய்துகாட்டச் சொல்லித் தேர்வு வைப்பது, குறிப்பு நோட்டை மாதம் ஒருமுறை சரிபார்ப்பது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இது நடக்கிறது. கடற்படைத் தேர்வின் உடற்சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தில், கிராமத்துப் பெண்களே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்று, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். அவர்கள் போனில் பதிவதைத் தெரபிஸ்ட்டுகள் தொலைவிலிருந்து பார்த்துத் திட்டத்தை மாற்றிச் சொல்கிறார்கள். குழந்தைகளுக்குச் செல்லும் வழி மூட்டுவலிக்காரர்களுக்கும் செல்லாமல் போக எந்தக் காரணமும் இல்லை.

நெசவு வீடுகளுக்கு ஒரு வசதிகூட இருக்கிறது. தார் தீர்ந்து மாற்றும்போது தறி எப்படியும் நிற்கும். காலை மாலை அரைமணி நேரம் பயிற்சி என்று சொன்னால் யாரும் செய்யப்போவதில்லை. ஒவ்வொரு தார் மாற்றும்போதும் கையைப் பின்னால் ஊன்றி முதுகை இரண்டு முறை நிமிர்த்துங்கள், மிதிக்காத காலை நீட்டி மடக்குங்கள் என்று சொன்னால் கணக்கு தறியோடே ஓடிவிடும். நோட்டில் எழுதவும் சுலபம்.

இதற்குள் வட்டாரத்தின் வலியே மாறிக்கொண்டிருக்கிறது. நெசவாளி வீட்டுப் பெண்கள் செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பஸ்ஸில் போகிறார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களில் ஆயிரக்கணக்கானோர் பெண்கள். அப்பாவுக்கு நாள் முழுக்க உட்கார்ந்து வந்த வலி; மகளுக்கு நின்றும் தையல் மெஷினில் குனிந்தும் வரும் வலி. அவளுக்குத் தேவை குதிகாலுக்கும் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் வேறு பாடம். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் பகல் வேளையில் அவள் ஷிப்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று வைக்கலாமா, அதற்குத் தன்னார்வலருக்குக் கூடுதல் மதிப்பூதியம் உண்டா என்பதை வட்டார மருத்துவ அலுவலரும் மேலிடமும் இன்னும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.